அவர் வந்து பூட்ட இருந்த சைலன்சர்

கட்டாரிலிருந்து கப்பலில் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. தேற்றாத்தீவில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுக்கு அப்படிப் பெட்டி வந்தாலும் அக்கம்பக்கத்தார் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். பால்மா, சவர்க்காரம், வாசனைப் போத்தல், பூப்போட்ட போர்வை என்று எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரே சாமான்தான் இருக்கும். ஆனாலும் பார்க்க வேண்டும். என் பெட்டியை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இவ்வளவு பாரத்தில் என்னதான் இருக்குமோ என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தியும் கையுமாக வந்து நின்றா. வெட்டித் திறந்தால், மேலே ஒரு பால்மாப் பை. அதற்குக் கீழே பளபளவென்று வளைந்து வளைந்து போய் ஒன்றாகச் சேரும் நான்கு குழாய்கள், ஒரு நீளக் குழாய், அடியில் ஒரு சைலன்சர்.

"இது என்னகா, தண்ணி இறைக்கிற சாமானா?" என்று அக்கா கேட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமாகக் காத்திருந்த பெண்சாதிக்குப் புருஷன் அனுப்பிய சாமான் அது.

அது என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை. எங்கள் பழைய ஜப்பான் காரின் எஞ்சினிலிருந்து புகை முதலில் வந்து விழும் வார்ப்பிரும்புத் துண்டு வெடித்துப்போயிருந்தது. அதிலிருந்து பின்னுக்குப் போகும் குழாயையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் இரும்பு வைத்திருப்பவன் துருவுக்குத்தான் தீனி போடுகிறான். காரோடு வந்த அசல் சாமான் கொழும்பிலும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வெளிக் கம்பனிக்காரர் செய்து விற்கும் ஹெடரை, அந்த நான்கு குழாய்ச் சாமானை, அங்கே தேடி வாங்கி அனுப்பியிருந்தார். எஞ்சினுக்கு மூச்சு இலேசாகுமாம், சத்தமும் கம்பீரமாக இருக்குமாம். என் மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டுக்கு வந்து இருப்பான். அவரும் அப்படி வந்தவர்தான். 'உன்ட வீடு' என்றுதான் எப்போதும் சொல்வார். பகிடிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்கும் என்னைக் கேட்பார். வாடகைக்கா இருக்கிறீர்கள் என்று ஏசுவேன், சிரித்துவிட்டுப் போய்விடுவார். கேட்காமல் அவர் கைவைத்தது பின்வளவில் தானே தகரம் போட்ட கொட்டிலிலும் அதற்குள் நிற்கும் காரிலும் மட்டும்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். முகத்தைப் பார்த்துப் பேச வராத மனுஷன். சாப்பிடும்போதும் 'ம்', தொலைபேசியிலும் 'ம்'. காருக்குக் கீழே மல்லாந்து படுத்தால் மட்டும் வாய் திறக்கும். இரண்டு உரச் சாக்கை விரித்து, அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். நான் டோர்ச் பிடிப்பேன், கேட்கிற நட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பேன். அவர்களுடைய முகாமில் ஒருவன் தூக்கத்தில் தாயைக் கூப்பிட்டு அழுவதை அங்கே கிடந்துதான் சொன்னார். முதல் வருஷம் விமானத்தில் ஏறியதும் இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்ததையும் அங்கேதான் சொன்னார். நாங்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் எண்ணெய் முகத்தில் சொட்டச் சொட்டத்தான்.

ஆகையால், "நான் வந்து பூட்டுறன், நீ தொடாத" என்று அவர் சொன்னபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது. பெட்டி வந்துவிட்டது, இனி ஆளும் வந்தே ஆக வேண்டும். ஓகஸ்ட் விடுமுறைக்கு என்று பேச்சு. பெட்டியைக் கொட்டிலுக்குள் பலகைமேல் ஏற்றி வைத்து, தூசு படிந்தால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் வந்தது. அவர் வரவில்லை. அவருடைய இடத்துக்கு வர வேண்டியவன் வரவில்லையாம், லீவு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டதாம். அதையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு 'ம்' என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன்.

நான் வெல்லாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, வயல் வட்டைகளுக்கு நடுவால் போகும் பாதை. பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் போய்விடும். காரின் சத்தம் உழவு மெசினைத் தோற்கடித்தது. வயலில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நான் வாசலுக்கு வர முதலே வகுப்புக்குள் ஓடிவிடுவார்கள். அதையெல்லாம் சகிக்கலாம். புகை உள்ளே வரத் தொடங்கியதுதான் பயம். கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன், அப்படியும் தலை இடிக்கும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் கண்ணாடியை எப்படி இறக்கி வைப்பது?

பிரதான வீதியில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கராஜ்காரன் பார்த்துவிட்டு, வெளிச் சாமான் பொருந்தாமல் போனால் பிறகு பேச்சு வரும், "அண்ணன் வரட்டும் ரீச்சர்" என்றான். கூரை ஒழுகுது என்றால் மேசன், அவர் வரட்டும். வேலிக்கு லொறியில் கல் பறிக்க வேண்டும் என்றால், அவர் வரட்டும். வீடு என்னுடையது, காணி என்னுடையது, அதில் நடக்கிற எல்லாம் இல்லாத ஒருவருக்காகக் காத்து நிற்கின்றன. திரும்பி வருகிற வழியெல்லாம் வாய்விட்டு ஏசிக்கொண்டு வந்தேன். நான் ஏசியது எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம்.

பௌர்ணமிப் போயா விடுமுறை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அதற்கு முந்திய நாள்களிலேயே நட்டுகளுக்கு எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டிருந்தேன். காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு பற்றரியைக் கழற்றி, காரை ஜக்கில் உயர்த்தி, அவர் ஒட்டுவித்து வைத்த இரும்புத் தாங்கிகளை அடியில் கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அவர் ஆட்டிப் பார்ப்பதைப் போலவே.

துருப்பிடித்த நட்டை ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. ஒள்ளுப்பம் முன்னுக்கு, மறுகா ஒள்ளுப்பம் பின்னுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக என்று அவர் சொல்வார். அப்படியே செய்தேன். ஒன்று அடியோடு கழன்று வந்தது, மற்றவை அழுதழுது வந்தன. பின்குழாயின் போல்ட்டுகள் எதற்கும் மசியவில்லை, இரும்பு வாளால் குழாயையே அறுத்தேன். நான் தட்டுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தா. "எப்பகா வந்தவர்? சொல்லவே இல்லையே" என்று கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தா. கீழே கிடந்தது நான் மட்டும் என்று கண்டதும் அந்த முகம் வாடிப்போனதைப் பார்க்க வேண்டுமே. வந்த வழியே திரும்பிப் போய், ஒரு கோப்பையில் பாற்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பதுபோல இருந்தது.

புது ஹெடரைப் பூட்டுவது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் கீழேயிருந்து தூக்கிப் பிடிக்க, மற்றவர் மேலேயிருந்து நட்டைப் போட வேண்டும். நான் கீழே பிடித்தால் மேலே ஆளில்லை. மேலே போனால் அது கீழே வருகிறது. எத்தனை தரம் தூக்கினேனோ, கடைசியில் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். தகரத்தில் மழை பெய்யத் தொடங்கியது. அந்த நேரத்தில் எனக்குத் தனிமையாக இருந்தது. அதற்கு வேறு சொல் கிடையாது.

பிறகு எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து அவர் உடுத்திய பழைய சாரத்தை எடுத்துவந்தேன். அதை நீளமாகக் கிழித்து, ஹெடரைச் சுற்றிக் கட்டி, மேலே இழுத்துக் கொட்டில் கூரை வளையில் முடிந்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் வந்து தொங்கியது. மேலே போய் நடுநட்டை முதலில் போட்டு, இரண்டு பக்கத்துக்குமாக இறுக்கிக்கொண்டு போனேன். நீளக் குழாயைக் கீழே ஹெடரோடு போல்ட் போட்டுச் சேர்த்து, சைலன்சரைத் தூக்கும் றப்பர்களைச் சவர்க்காரத் தண்ணி தடவி ஏற்றினேன். எல்லாம் முடிந்ததும், புதிதாக எது வந்தாலும் செய்கிறதைச் செய்தேன். வீட்டுக்குள் போய்ச் சந்தனம் குழைத்து வந்து ஹெடரில் ஒரு பொட்டு வைத்து, திருநீறும் பூசினேன். பிறகு ஸ்டார்ட் பண்ணினேன்.

புகை கிளம்பியது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று பயந்து இறங்கி ஓடினேன். புதுக் குழாயில் இருந்த எண்ணெய்தான் எரிந்தது, சற்றுநேரத்தில் அடங்கியது. அதன் பிறகு கேட்ட சத்தம் ஆழமாக, ஒரே சீராக இருந்தது. கசிவு ஒன்றும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்வதற்குத்தான் ஒருவரும் இல்லை. அங்கேயும் வெள்ளி விடுமுறை என்பதால் வீடியோவில் அவரைக் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும் தொலைபேசியைச் சைலன்சருக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னுக்குக் காட்டச் சொன்னார். காட்டினேன். குழாய்கள் சூட்டில் பொன்னிறமாகியிருந்தன. அவற்றில் என் விரல்கள் பட்ட இடமெல்லாம் கபில நிறமாகத் தெரிந்தது. சந்தனப் பொட்டு கருகி அப்படியே ஒட்டிப்போயிருந்தது.

"சூடாக்க முதல் துடைச்சிருக்கணும். இனி அந்த அடையாளம் போகாது" என்றார்.

என் எண்ணெய் விரல்களைத் துணியில் துடைத்தேன். பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "உன்ட வீட்டில எனக்கெண்டு இருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் நீ செஞ்சிட்டாய். இனி நான் வந்து என்ன செய்யிற?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. புகை குடித்துக்கொண்டு திரிந்தது நான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காருக்குக் கீழே கிடக்காமலே அவர் அப்படி ஒரு பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"வேலை இல்லாட்டியும் வாங்க" என்றேன்.

அவர் தொலைபேசியை எங்கேயோ வைத்திருக்க வேண்டும். அவருடைய கட்டிலுக்கு மேலே இருக்கும் கட்டிலின் அடிப்பலகை மட்டும் திரையில் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, எஞ்சின் நன்றாக ஆறியதும் எல்லா நட்டையும் போல்ட்டையும் மறுபடி ஒருக்கா இறுக்க வேண்டும், மறக்காதே என்றார். ஓம் என்றேன்.

எஞ்சினை நிறுத்தினேன். மழை விட்டிருந்தது. ஆறிப்போன பாற்சோற்றைத் தின்றுகொண்டு எஞ்சின் ஆறும்வரைக்கும் காத்திருந்தேன். மேல்நட்டுகளை இறுக்கிவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கீழ்ப் போல்ட்டுகள் வலப்பக்கத்தில் இருந்தன. இடப்பக்கத்துச் சாக்கில் கிடந்து எட்டி எட்டி இறுக்கியதில் தோள்மூட்டு நொந்தது. முடித்துவிட்டு வெளியே வந்து, சாக்குகளைச் சுருட்டக் குனிந்தபோதுதான் பார்த்தேன். காலையிலிருந்து கிடந்ததில் என் சாக்கு கறுப்பாகிக் கசங்கிப்போயிருந்தது. பக்கத்தில் அவருடைய சாக்கையும் காலையில் நான் விரித்தபடியே வைத்திருந்தேன், ஒரு சுருக்கம்கூட இல்லை.