சலீம் பாய் பயணம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டுவிட்டால் எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் ஊரில் இருப்போம். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் பூங்காவில் கூடி, பிரியாணி சாப்பிட்டு, யார் வீட்டு ஏசி ரிப்பேர் என்று பேசிவிட்டுக் கலைவோம். ஊருக்கு வந்த பிறகாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கலாம் அல்லவா? அது மட்டும் முடியாது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, அதே முகங்களோடு, அதே கேலியோடு ஊர் சுற்றுவோம்.

இந்த வருஷம் தஞ்சாவூரிலிருந்து அணைக்கரை வரை போனோம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கோயிலும் வேண்டும் குளியலும் வேண்டும் மீனும் வேண்டும் என்று கேட்கும் கலவையான கூட்டத்தோடு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு இது உதவும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது வேறொன்று முந்திக்கொண்டு வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நீங்களும் நானும் பயணம் என்றால் எங்காவது போய்வருவதைச் சொல்வோம். எங்கள் சங்கத்தில் பயணம் என்றால் விமானம் ஏறி வேலைக்குத் திரும்புவது. கூத்தாநல்லூர்க்காரர்கள் கொண்டுவந்த பேச்சு இது. அங்கே வெளிநாடு கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய் "பயணம் சொல்லிக்க வந்தேன்" என்பார்கள். தப்புத் தவறு இருந்தால் மன்னிக்கச் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பார்கள். ஒரத்தநாட்டுக்காரியான எனக்கும் இப்போது அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவின் கடைசி நிகழ்ச்சியும் அதுதான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, எந்தத் தேதியில் கிளம்புகிறோம் என்று ஒவ்வொருவராகப் பயணம் சொல்ல வேண்டும். முதலில் கிளம்புகிறவர் தலையில் மற்றவர்கள் பார்சலைக் கட்டுவார்கள்.

காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் வேன் ஏறினோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபத்தொரு பேர். வேன் வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு, டிரைவர் பேட்டா தனி. டிரைவர் பாலு நாங்கள் ஏறியதுமே கேட்டுவிட்டார்.

"சீக்கிரமா போவணுமா, தண்ணி பாத்துக்கிட்டுப் போவணுமா?"

தண்ணீர்தான் என்றோம். திருவையாறு பதிமூன்று கிலோமீட்டர். அதற்குள் வரிசையாக ஐந்து பாலங்கள். எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்து ஓடியது. என் மகள் ஒவ்வொரு பாலத்திலும் "இதுதான் காவிரியா?" என்று கேட்டாள். ஐந்தாவதில்தான் ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

ஏறும்போதே என் வேலையை முடித்திருந்தேன். சலீம் பாய் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். கூத்தாநல்லூர்க்காரர். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வருஷா வருஷம் மே மாதம் வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஜூலை கடைசியில் கிளம்பிவிடுவார். தனக்கென்று ஒரு பை, மற்ற எடையெல்லாம் எங்கள் பார்சல். அங்கே இறங்கிய மறுநாளே பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டும் வருவார். என் கணவர் ரவிக்கு இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. போனில் வடகம், வடகம் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"பாய், ரவிக்கு வெங்காய வடகம். ஒரு கிலோதான்" என்று பையை நீட்டினேன்.

எங்கள் கூட்டத்தில் எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு முறை தூக்கிப் பார்த்து எடை சொல்வோம். பிறந்த குழந்தையைக் கொடுத்தாலும் அப்படித்தான். அதிலும் சலீம் பாய், "ஒரு கிலோவா? ஒன்னரை இருக்கும் தங்கச்சி" என்று சொல்லாமல் எதையும் வாங்கியதில்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜமீலாக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஏறியவர்களும் ஆளுக்கொரு பையைக் கொடுத்தார்கள். முறுக்கு, இட்லிப் பொடி, யாருடைய மாமியாரோ போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் என்று கடைசி சீட் நிறைந்துவிட்டது.

கபிஸ்தலம் வழியாகச் சுவாமிமலை. எட்டே முக்காலுக்கு அங்கே டிபன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயிலில் கூட்டம் இருக்கும், ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாமி கும்பிடப் போகாதவர்கள் சிலைக் கடைகளைப் பார்த்தோம். சங்கத்தின் செயலாளர் செல்வராஜ் ஒரு நடராஜரைத் தூக்கிப் பார்த்து, "நாலு கிலோ. கையில கொண்டுபோற பையில ஏழுதான் விடுவான்" என்றார். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார்.

"சார், மொதல்ல சிலையப் பாருங்க. எடைய அப்பறம் பாக்கலாம்."

அங்கிருந்து தாராசுரம் பத்து நிமிஷம். கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லில் இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், இந்த முறையும் நினைத்தேன். ஒரே ஒரு உருப்படியான தகவல்: பதினொரு மணிக்கு மேல் பிராகாரத்துக் கல் கொதிக்கும், பிள்ளைகளுக்குப் பழைய காலுறை எடுத்துப் போங்கள். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடியதைப் பார்த்து ஒரு வெளியூர்க் குடும்பம் அதை ஏதோ நாட்டியம் என்று வீடியோ எடுத்தது.

புல்வெளியில் உட்கார்ந்திருந்த சலீம் பாயிடம், "இந்த வருஷம் எப்ப பாய் பயணம்?" என்று கேட்டேன்.

"சொல்றேன் தங்கச்சி, இன்ஷா அல்லாஹ்" என்றார்.

தேதியைத் தவிர வேறெதுவும் பேசாத கூட்டத்தில், தேதி சொல்லாத பதில். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கும்பகோணத்தைத் தாண்டித் திருப்பனந்தாள் பதினெட்டு கிலோமீட்டர். அதற்குச் சற்று முன்னால் செல்வராஜ் குடும்பத்து வயல். பெரும்பாலும் குறுவை நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. பகலில் மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து வரச் சொல்லியிருந்தார் செல்வராஜின் தம்பி. மோட்டாரைப் போட்டதும் பிள்ளைகள் பம்புசெட்டுத் தொட்டிக்குள் பாய்ந்தார்கள். மஸ்கட்டில் நீச்சல் குளத்தில் தொப்பி போட்டு, கண்ணாடி போட்டு, விசில் அடித்தால் ஏறும் பிள்ளைகள். இங்கே கூப்பிடக் கூப்பிட ஏறவில்லை. தென்னை மரத்தடியில் சாப்பாடு. பிரியாணி ஒரு பக்கம், சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இன்னொரு பக்கம். உங்களுக்கு வயல்காரர் யாரும் தெரியாவிட்டால் கும்பகோணத்திலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், இந்தப் பக்கம் பெரிய கூட்டத்துக்குக் கடை கிடைப்பது கஷ்டம்.

சாப்பிட்டு முடித்து வாய்க்காலில் கை கழுவும்போது ஜமீலாக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வித்யா, அந்த வடகத்த நீயே எடுத்து வச்சுக்கம்மா."

"ஏங்க்கா? எடை கூடிருச்சா?"

"அவருக்குப் பயணம் இல்ல. கேன்சல்ல வந்துட்டாரு. மே மாசமே."

விசாவையே ரத்து செய்து ஒரேயடியாக அனுப்பிவிடுவதைத்தான் கேன்சல் என்போம். எங்கள் அகராதியில் அதைவிடப் பயமான சொல் இல்லை. அவருடைய கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டதாம். இருபது வருஷத்துக்கு மேல் சாவிக்கொத்தோடு இருந்த மனிதர்.

"அப்பறம் எதுக்குக்கா எல்லார்ட்டயும் வாங்கி வச்சுக்கிறாங்க?"

"மொதல்ல நீ நீட்டுனே. வேணாம்னா ஏன்னு கேப்பே. ஒன்ன வாங்குனதும் மத்தத எப்புடி வேணாங்குறது? எல்லாத்தையும் கார்கோல போட்டு அனுப்பிடலாம்னு சொல்றாரு. சோத்துக்கு ஒன்னும் கொற இல்லம்மா, மவன் நல்லா இருக்கான். இந்த வேனுதான் அவருக்குப் பெருசு. க்ரூப்ல இருந்து எடுத்துட்டா அடுத்த வருஷம் யாரு நம்மளக் கூப்புடுவாங்கன்னு ரெண்டு மாசமா இதே பேச்சு."

அந்தப் பயம் பொய்யில்லை. ஊரோடு வந்துவிட்டவர்களை எங்கள் வாட்ஸப் க்ரூப்பிலிருந்து கொஞ்ச நாளில் எடுத்துவிடுவோம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அங்கத்திய வாடகை, அங்கத்திய பள்ளிக்கூடம் பற்றிய பேச்சு அவர்களுக்கு எதற்கு என்றுதான். எடுத்த பிறகு யாரும் அவர்களைச் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

யாரும் பார்க்காதபோது வேனில் ஏறி அந்தப் பைகளையெல்லாம் என் சீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று போனேன். இரண்டு பைகளை எடுத்திருப்பேன், படியில் சலீம் பாய் நின்றார்.

"என்ன தங்கச்சி, எடை பாக்குறீங்களா?"

"இல்ல பாய். எனக்கு லக்கேஜ் கம்மி. நானே கொண்டுபோயிடுறேன்."

அவர் வெளியே, வாய்க்கால் பக்கம் இருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வச்சிருங்க. எங்கிட்ட குடுத்தது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் வைத்துவிட்டு இறங்கினேன்.

அணைக்கரைக்கு நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கொள்ளிடத்தின் குறுக்கே பழைய அணை, மதகுகளில் தண்ணீர் இரைச்சல். வறுத்த மீன் வாங்கும்போது விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், மீனைப் பொறுத்து மாறும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், பார்க்க அமைதியாக இருந்தாலும் இழுக்கும். கரையில் ஜமுக்காளம் விரித்து, டீயோடு வட்டமாக உட்கார்ந்தோம். செல்வராஜ் ஆரம்பித்தார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து தேதி சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் எல்லோரும் சேர்ந்து "போய்ட்டு வாங்க" என்றோம். நானும் சொன்னேன், ஆகஸ்ட் முதல் வாரம் என்று. எனக்கு அடுத்தவர் சலீம் பாய். ஜமீலாக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தப்புத் தவறு இருந்தா எல்லாரும் மன்னிச்சுக்குங்க. நான் பயணம் சொல்ல எந்திரிக்கல. கம்பெனியில கேன்சல் பண்ணிட்டாங்க. இனிமே ஊர்லதான். அதனால, இருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

பயணம் சொன்னவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கிறது. இருக்கிறேன் என்பவருக்கு என்ன சொல்வது? செல்வராஜ் நல்ல மனிதர், பதறிப்போய்விட்டார். வாய்ப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சரி பாய். போய்ட்டு வாங்க" என்றார்.

சலீம் பாய் அவரையே பார்த்தார். "எங்கங்க போறது? கூத்தாநல்லூருக்கா?"

முதலில் சிரித்தது ஜமீலாக்கா. பிறகு எல்லோரும். செல்வராஜ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார், துடைத்தது வேர்வை மட்டும் இல்லை. சிரிப்பு அடங்கியதும் சலீம் பாய் சொன்னார்.

"சாமான் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. அடுத்து யாரு போறீங்களோ, திருச்சி ஏர்போர்ட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுறேன்."

"அப்ப க்ரூப்ல தேதியப் பாத்துக்கிட்டே இருங்க பாய்" என்றார் செல்வராஜ். "ஒங்களக் கேக்காம யாரும் பெட்டி கட்டக் கூடாது."

சலீம் பாய் உட்கார்ந்தார். டீ ஆறியிருந்தது, அதைக் குடித்தார். ஆறரைக்குக் கிளம்பி, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தஞ்சாவூர் வந்துவிட்டோம்.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலையில் போங்கள், தண்ணீர் இருந்தால்தான் இந்த வழிக்கு அழகு. ஒரே நாளில் நான்கு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். காலுறையை மறக்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால், வந்ததும் வராததுமாக எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள், அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும்.

ஆகஸ்டில் நான் கிளம்பிய அன்று சலீம் பாய் திருச்சி விமான நிலையத்துக்கு வந்திருந்தார், வடகத்தோடு. என் பெட்டிக்குள் அதை வைத்துப் பூட்டி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இருபத்தொம்பது. பயப்படாமப் போங்க."

ஒரு பெட்டிக்கு முப்பது கிலோதான் கணக்கு. கவுண்டரில் முப்பத்தொன்று காட்டியது. அந்தப் பெண் சிரிக்கவேயில்லை. பெட்டியைத் திறந்து வடகத்தை வெளியே எடுத்தேன். ரவியின் முகம் கண்முன் வந்தது. மகளை அங்கேயே நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நுழைவாசலுக்கு ஓடினேன். இவ்வளவு நேரமா இருக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடினேன்.

வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் கம்பியோரம், விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். காவலர் தலையாட்ட, பையை அவரிடம் நீட்டினேன். வாங்கி ஒரு முறை தூக்கிப் பார்த்தார்.

"இது ஒரு கிலோவா? ரெண்டு இருக்கும் தங்கச்சி" என்றார். "அடுத்த ஆள்ட்ட குடுத்து உடுறேன். போய்ட்டு வாங்க."