முக்கால் நாய்

நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாகும் விலங்குகளை அள்ளும் வண்டியை இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டிவந்தார் அவர். இறங்காமலே, இது நாய், இது நரி, இது ஓநாய் என்று சொல்லிவிடுவார், ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். நாய் என்றால் குழிக்குப் போகும். ஓநாய் என்றால் வனத்துறைக்கு.

பிறகுதான் அவருக்குக் குழப்பம் வந்தது. உடம்பைப் பார்த்தால் ஓநாய், வாலைப் பார்த்தால் நாய். பல்லைப் பார்த்தார், பாதத்தை அளந்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

வனத்துறை ஆய்வுக்கூடத்துப் பெண்தான் விளக்கினாள். "ஓநாய்ங்க பெருகி, பத்துப் பதினஞ்சு வருஷமாவே புது இடம் தேடி இந்தப் பக்கம் வருதுண்ணே. முதல்ல வர்றது தனியா வரும். ஜோடி கிடைக்காது. கிடைச்ச நாயோட சேர்ந்துடும்."

"அப்ப குட்டி நாயா, ஓநாயாம்மா?"

"ரெண்டும்தான். எத்தனை பங்குன்னு ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

ஒப்பிட்டுப் பார்க்க ஊர் நாய்களின் ரத்தம் வேண்டும் என்றாள். தராசு தம் வீட்டுச் செவலையையே கூட்டிப்போனார். சாலையோரம் குட்டியாகக் கிடந்ததை எடுத்து ஒன்பது வருடமாக வளர்க்கும் நாய். இதைவிட நாயான நாய் எங்கே கிடைக்கும்?

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. அவள் தாளை நீட்டத் தயங்கினாள்.

"கால் பங்கு ஓநாய்ண்ணே. இதோட தாத்தா ஓநாயா இருந்திருக்கும்."

காட்டு விலங்கை வீட்டில் வளர்க்கக் கூடாது. கண்டால் மேலிடத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டியவரே தராசுதான்.

வீட்டில் சொன்னார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "கதவு சாத்துற சத்தத்துக்கே கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கும். அதுவா ஓநாய்?"

"கால்தான்."

"எந்தக் கால்? முன்னங்காலா, பின்னங்காலா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் நடையில், கண்ணில், கொட்டாவியில் ஓநாயைத் தேடிக்கொண்டே இருந்தார். சிலசமயம் தெரிந்தது, உடனே காணாமல் போனது. ஒருநாள் தலையைத் தடவப் போன கை பாதியில் நின்றுவிட்டது. செவலை வாலாட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

மறைக்கத் தெரியாத மனிதர், எழுதிக்கொடுத்துவிட்டார். சட்டத்தில் ஓநாய் உண்டு, நாய் உண்டு, நடுவில் எதுவும் இல்லை. மேலிடமும் குழம்பியது. மறு உத்தரவு வரும்வரை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது. மூன்று வருடங்கள் ஆகியும் உத்தரவு வரவில்லை.

போன வாரம் அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். கணக்கிடும் முறை மாறிவிட்டதாம். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

"பங்கு கூடுமா, குறையுமாம்மா?"

"தெரியலண்ணே. பழைய கணக்கு தப்பாக்கூட இருக்கலாம்."

தராசு தரையில் உட்கார்ந்து நாயைப் பிடித்துக்கொண்டார். ஊசியைக் கண்டதும் செவலை அவர் அக்குளில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.