அட்டையில் இருப்பவர் அண்ணி அல்ல

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த நினைவு மலரின் அட்டையில் மாலையோடு நிற்கும் பெண்மணி எங்கள் அண்ணி அல்ல. பக்கத்துத் தோட்டத்துப் பூங்கொடி அக்கா. உயிரோடுதான் இருக்கிறார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து யாரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டு அழ வேண்டாம். அட்டை அச்சாகி வந்ததுமே, "ஏனுங்க, எனக்கு எப்பங்க காரியம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். உள்பக்கம் இன்னும் அச்சுக்குப் போகாததால் இதையாவது எழுத முடிகிறது.

அண்ணி ஓவியர், அவர் வரைந்த படமே அட்டையாகட்டும் என்று, பெரிய அறிவாளிபோல் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். செம்மேட்டுச் சந்தைப் படம். கூட்டமெல்லாம் ஒருபக்கம், பனியில் ஒருத்தி மட்டும் தள்ளி நிற்கிறாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி தன்னைத்தான் வரைந்திருக்கிறார் என்று நினைத்து, மாலையும் போட்டு அச்சடிக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணி ஜெர்மனியில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ரொட்டிக்கடைக்காரர் மகளாகப் பிறந்தார். மலை பார்க்க வந்தவர் அண்ணனின் ஜீப்பில் ஏறினார், இறங்கவே இல்லை. கல்யாணத்துக்குத் திண்ணனூர் நாட்டுச் சொந்தங்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் கை நனைக்கவில்லை. அவர்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

அவர் வரைந்ததெல்லாம் நம் மலைதான்: பாயில் காயும் மிளகு, பலாப்பழம் ஏற்றும் லாரி, சாமைக்காடு, சந்தைச் சனம். ஜெர்மனிக்கு அனுப்பினால், அவர் ஊர்க்காரர்கள் யானை இல்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாமோ, உயிரோடிருப்பவர் படத்தை மாட்டினால் ஆயுசு குறையும் என்று, அவர் நம் முகங்களை ஆசையாக வரைந்து கொடுத்ததைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம்.

ஆனால் வீட்டில் ஒருவர் செத்து, போட்டோ இல்லையென்றால் செல்போனோடு அண்ணியிடம் ஓடினோம். சந்தைப் படத்தில் செத்தவர் முகத்தை மட்டும் போனில் பிடித்துக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தோம். பேனரில் சம்பந்தி வீட்டு டிரைவர் பெயர்வரை இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது. அண்ணி செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "மூக்கை இழுத்துட்டாங்க தம்பி" என்பார். அவ்வளவுதான். இந்த மலையில் அவருக்கு நடந்த கண்காட்சி அது ஒன்றுதான்.

மூச்சுத் திணறலோடு இருந்த அண்ணியைப் பத்திரமாக நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இறக்கிய ஆம்புலன்ஸ் டிரைவருக்கும், கஞ்சி ஊட்டிய நர்சம்மாவுக்கும், கழுத்தில் மாலை விழுந்த பிறகும் "வெங்காயம் உரிக்க வாரேனுங்க" என்ற பூங்கொடி அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணி வரைந்த படத்தை நேராக மாட்டிவைத்த உறவினருக்கும் நன்றி சொல்லத் தேடினேன். ஒருவரும் அகப்படவில்லை, என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் அண்ணியைச் சிரிக்கவைக்கலாம் என்று கேட்டேன்: "அண்ணி, எல்லார் மூஞ்சியும் போட்டீங்க, உங்களுது மட்டும் காணோமுங்க. ஒண்ணு போட்டு வெச்சிருங்க. நாளைக்குப் பேனருக்கு நாங்க எங்கீங்க போறது?"

அண்ணி சிரிக்கவில்லை.

"இத்தன வருசமா பாத்தீங்கல்ல தம்பி, நீங்க போடுங்க."