கறுப்புக் கோடு யாருடையது?

மருத்துவக் கல்லூரிகளுக்கு உடல் மாதிரிகள் செய்யும் பட்டறையில் அவளைப் 'பெயின்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்த்தெடுப்பது மற்றவர்கள், எந்தப் பகுதி எது என்று நிறம் பிரிப்பது அவள். வேலையில் அவளை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதனால்தான் அவள் நிறம் தீட்டி அனுப்பிய கை ஒன்று திரும்பி வந்தபோது அவள் முகம் செத்துப்போனது.

ஆளளவுக் கை. தோளுக்கு மஞ்சள், மேற்கைக்குப் பச்சை, முன்கைக்கு நீலம். நிறங்கள் சந்திக்கும் இடமெல்லாம் பளிச்சென்று கறுப்புக் கோடு. அந்தக் கோட்டில் அவளுக்குத் தனிப் பெருமை.

கல்லூரி ஆசிரியை தானே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"கோடு அழகாத்தான் இருக்கும்மா. ஆனா பசங்க, 'மேடம், இந்தக் கறுப்புப் பகுதிக்கு என்ன பேரு'ன்னு கேக்கறாங்க. ஒருத்தன் பரீட்சையில பேரே வச்சுட்டான்!"

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

"எல்லைக்கு அகலம் கிடையாதும்மா. நீங்க கோடு போட்ட அளவு தோலு, தோளுக்கும் சொந்தமில்லாம கைக்கும் சொந்தமில்லாம அநாதையா நிக்குது. சரி பண்ணிக் குடுங்க. இல்லன்னா நான் வேற இடம்தான் பாக்கணும்."

கோட்டை மெலிதாக்கிப் பார்த்தாள். அப்போதும் அது கோடுதான். கோட்டை விட்டுவிட்டால் மஞ்சளும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து குழம்பின. அன்று மாலை உம்மென்று வீட்டுக்குப் போனாள்.

பேருந்து ஓட்டும் கணவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினார். அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, அப்படியே நில்லுங்க!"

"என்ன, இன்னிக்குப் பாசம் பொங்குது?"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜன்னல் பக்கம் வாங்க."

அரைக்கைச் சட்டைக்குக் கீழே வெயிலில் கறுத்த தோல். மேலே வெளிர்த் தோல். நடுவில் கோடு எதுவும் இல்லை. ஆனாலும் மாறும் இடம் தெளிவாகத் தெரிந்தது. அங்கே விரலை வைத்தாள். விரல் பாதி கறுப்பிலும் பாதி வெளுப்பிலும் இருந்தது.

"கூசுதுடி, விடு!"

மறுநாள் கறுப்பு டப்பாவைத் திறக்கவேயில்லை. ஓரத்தில் டேப் ஒட்டி மஞ்சள் அடித்தாள். நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்து, டேப்பை உரித்து மஞ்சளின் விளிம்பில் ஒட்டிப் பச்சை அடித்தாள். மஞ்சள் முடிந்த இடமும் பச்சை தொடங்கிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

ஆசிரியை கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இதுதாம்மா வேணும். அடுத்து ஒரு கால் அனுப்பறேன்."

சேதி கேட்டதும் கணவர் இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கையக் குடுத்தாச்சு. காலையாவது எனக்கு விட்டு வை, தாயே!"

"அது எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

அவர் சட்டென்று இடுப்பைக் காட்டினார். பிறகு தொடைக்கு இறங்கினார். அங்கேயும் சந்தேகம் வந்து, விரலை மெல்ல மேலே நகர்த்தத் தொடங்கினார்.