ஆலோசனைக் குழுவில் ஒரு கருகிய மோட்டார்

1996 ஜூன் மாதத்தில் ஒரு நாள், கணபதி என்ற ஊரில் கனகத்தின் பட்டறைக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் வழக்கம்போல் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து நேரில் நீட்டினார். கவர் அவ்வளவு வழவழப்பாக இருந்தது. மூலையில் பல்கலைக்கழகத்தின் முத்திரை தங்க நிறத்தில் மின்னியது. கனகத்தின் கையெல்லாம் வார்னிஷ். கவர் கறையாகிவிடுமே என்று முழங்கையால் அதைப் பெஞ்சின் மேல் தள்ளி வைத்துவிட்டுக் கணவர் பாலகோபாலைக் கூப்பிட்டார்.

பாலகோபால் மில் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கிலீஷ் கடிதமென்றால் அந்த வீட்டில் அவர் வேலை. ஒருமுறை மனதுக்குள் படித்தார். மறுமுறை வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் முறை எழுந்து நின்று தமிழில் சொன்னார். பல்கலைக்கழகம் அடுத்த பத்தாண்டில் எந்தத் திசையில் போகவேண்டும் என்று வழிகாட்ட வெளியாட்கள் பன்னிரண்டு பேரைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். சிறுதொழில்காரர்கள் சார்பில் அதில் கனகம் ஓர் உறுப்பினர்.

"ஏனுங்க, பேரைச் சரியாப் பாருங்க. வேற யாருக்கோ வந்தது நம்ம ஊட்டுக்கு வந்திருக்கப் போவுது."

"கனகம் பாலகோபால், மோட்டார் வைண்டிங், கணபதின்னு போட்டிருக்குது. இந்தத் தெருவுல இன்னொரு கனகம் எங்கிருந்து வரும்?"

பெயர் எப்படிப் போனது என்பது பிறகு தெரிந்தது. சிறு பட்டறைக்காரர்கள் சங்கத்திடம் பல்கலைக்கழகம் ஒரு பெயர் கேட்டிருக்கிறது. தலைவர் பெயரைக் கொடுத்தால் செயலாளர் கோபித்துக்கொள்வார், செயலாளர் பெயரைக் கொடுத்தால் தலைவர் சங்கத்துக்கே வரமாட்டார். இரண்டு கட்சிக்கும் பகையில்லாத ஆள் என்று கனகத்தின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். கனகத்துக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டதல்லவா.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் கனகம். பாலகோபாலின் மில் மூடியபோது, எரிந்துபோன மோட்டார்களை எடைக்கு வாங்கி, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணி, நோட்டில் எழுதி வைத்துத் தொழில் கற்றுக்கொண்டார். இப்போது ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். பழைய மோட்டாருக்குக் காயில் சுற்றுவதோடு நிற்காமல், மூன்று வருடமாகக் கிணற்று மோட்டாரைச் சொந்தமாகவே செய்து அன்னூர், சூலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு விற்று வந்தார்.

அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. கடனில் மோட்டார் எடுப்பவர்களிடம் வங்கிகள் சோதனைச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியிருந்தன. கணபதிப் பட்டறைகள் எதிலும் சோதிக்கும் வசதி கிடையாது. மோட்டாரை லாரியில் மெட்ராசுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மோட்டாரைப் பாரத்தோடு ஓடவிட்டுச் சூட்டை அளக்கும் சோதனை மேசை ஒன்று இந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு மட்டும் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டு. சனிக்கிழமை ஒரு நாள் அதைப் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். கடிதத்தைக் கையில் வாங்கிய நிமிடமே கனகத்தின் மனதில் இது வந்துவிட்டது. கேட்க ஓர் இடம் கிடைக்காமல்தானே இத்தனை நாள் இருந்தது.

செய்தி தெருவுக்குள் பரவியது. மூன்றாம் நாளே தூரத்து உறவினர் ஒருவர் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வந்து, பையனுக்கு ஒரு சீட் சொல்லிவிடும்படி கேட்டார். அது அந்தக் குழு இல்லை என்று பாலகோபால் காபி கொடுத்து விளக்கி அனுப்பினால், மறுநாள் வேறொருவர் வந்தார். எதிர்ப்பட்டறை யூனுஸ் மோட்டாருக்கான விசிறியும் தண்டும் செய்பவர். அவருக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

"ஏனுங்க்கா, இனி விசிறி வேணும்னா நீங்களே வருவீங்களா, இல்ல துணைவேந்தரை அனுப்பிச்சு உடுவீங்களா?"

"உங்க விசிறிக்கு அவரு எதுக்குங்க பாய், மாரியாத்தாளே போதும்."

மாரியாத்தாள் பட்டறையில் வேலை செய்யும் பெண்களில் மூத்தவர். கனகத்தை ஆர்.எஸ்.புரத்துக்குக் கூட்டிப்போய், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டுச்சேலை எடுக்க வைத்தவரும் அவர்தான். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று கனகம் தயங்கினார். கல்யாணத்துக்குப் பத்துத் தடவை போயிருக்கிறோம், பல்கலைக்கழகத்துக்கு வழி சொல்ல யார் போனார்கள் என்று மாரியாத்தாள் பில் போடச் சொல்லிவிட்டார்.

முதல் கூட்டம் ஜூலையில். நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப் பலகை, மைக். தலைவராக இருந்தவர் திருமலைசாமி, சூலூர்ப் பக்கத்து மில் முதலாளி. மில்லைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். மெட்ராசிலிருந்து வந்திருந்த துணைவேந்தர் வேகமாகப் பேசினார். திரையில் படம் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்தில் இருநூறு கம்ப்யூட்டர், எந்நேரமும் திறந்திருக்கும் கூடம், வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து பாடத்திட்டம். கனகத்துக்குப் பாதி புரிந்தது, புரிந்த பாதியே சிலிர்ப்பாக இருந்தது. நம்ம ஊரில் இதெல்லாம் வரப்போகிறதா என்று நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

சோதனை மேசை பற்றி அன்று வாய் திறக்கவில்லை. முதல்முதலாக ஒரு வீட்டுக்குள் போனால், போனதும் வேண்டியதைக் கேட்பார்களா? நலம் விசாரித்து, சாப்பிட்டு, எழுந்து வருவதுதான் மரியாதை. அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம். முடிவில் தட்டச்சு செய்த தாள்கள் கைமாறி வந்தன. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கனகமும் போட்டார்.

பதினைந்து நாள் கழித்துக் கூட்டத்தின் தீர்மானங்கள் தபாலில் வந்தன. பாலகோபால் உற்சாகமாகப் படித்துக்கொண்டு போனவர் நான்காவது தீர்மானத்தில் நின்றுவிட்டார். மின் இயந்திர ஆய்வகத்தின் கீழ்க்கூடத்தைக் காலி செய்து கம்ப்யூட்டர் கூடமாக மாற்றுவது, சோதனை மேசை உட்படப் பழைய சோதனைக் கருவிகளை ஏலத்தில் விடுவது. பன்னிரண்டு உறுப்பினர்களும் ஒப்புதல் அளித்துள்ளனர்.

"உன்ற கையெழுத்தும் இருக்குது கனகம்."

"அது சலான் மாதிரிதானுங்க போட்டேன்."

பட்டறையில் அதுதான் வழக்கம். செம்புக் கம்பி வண்டியில் வந்து இறங்கினால், டிரைவரைக் காக்க வைக்காமல் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும் அந்தக் கையெழுத்து. பிறகு சுருளைப் பிரித்து, அளந்து, சரியில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம். கனகம் இருபதாண்டில் போட்ட கையெழுத்தெல்லாம் அந்த வகை. தாள் வந்தது, பெற்றுக்கொண்டேன் என்று போட்டுவிட்டார்.

கேள்விப்பட்டு யூனுஸ் முதலில் சிரித்தார். கனகத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"கேக்கப் போன அக்கா, இருந்ததையும் குடுத்துப்போட்டு வந்திருக்கீங்க."

மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் கனகம் மாரியாத்தாளைக் கூப்பிட்டு, பழுதுக்கு வந்தவற்றில் நன்றாகக் கருகிய மோட்டாராக ஒன்று எடுத்து வைக்கச் சொன்னார். எப்படிக் கருகியது வேண்டும் என்று மாரியாத்தாள் கேட்டார். பார்த்தவுடன் வயிறு கலங்குகிற மாதிரி என்றார் கனகம்.

அடுத்த கூட்டம் செப்டம்பரில். கருவிகளின் ஏலத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை என்பது மட்டும்தான் பிடிமானம். அதே பட்டுச்சேலை. ஆட்டோவில் காலடியில் ஒரு சாக்குப்பை. வாசல் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, இதை எதுக்குங்கம்மா உள்ளே என்று கேட்டார். இதுவும் உறுப்பினர்தான் என்று சொல்லிவிட்டுக் கனகம் படியேறினார். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட அவசரம் அதிகமாக இருந்தது.

தலைவர் வணக்கம் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, மோட்டாரின் உட்பகுதியை எடுத்து வைத்தார். இரும்பு வளையத்துக்குள் சுற்றியிருந்த காயில்களில் பெரும்பகுதி கரிக்கட்டையாக இருந்தது. ஏ.சி. அறைக்குள் எரிந்த வார்னிஷ் வாடை பரவியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த கம்பெனி மேனேஜர் தன் ஃபைலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கனகம் பேசினார். இந்த மோட்டாரில் காயில்கள் மூன்று பங்கில் இரண்டு பங்கு கருகியிருக்கின்றன, ஒரு பங்கு நிறம் மாறவில்லை. அப்படியென்றால் மூன்று பேஸ் கரண்ட்டில் ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. எல்லாம் ஒன்றுபோல் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைவில் ஓட்டியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் பொட்டு வைத்த மாதிரி கருகியிருந்தால் சுற்றினவர் கைத்தவறு. பட்டறைப் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். மின்துறைப் பேராசிரியர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். சரியாகத்தான் சொல்கிறார் என்று மெதுவாகச் சொன்னார்.

"எரிஞ்ச பின்னால என்ன ஆச்சுன்னு நாங்களே சொல்லிப்போடுவோமுங்க. எரியறதுக்கு முன்னால சொல்றதுக்குத்தான் உங்க சோதனை மேசை வேணுமுங்க. அதை ஏலத்துல உட்டுப்போடாதீங்க."

துணைவேந்தர் கோபப்படவில்லை. தீர்மானத் தாளைப் புரட்டி, நீங்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டார்.

"அது சரக்கு வந்துச்சுன்னு போட்ட கையெழுத்துங்க. இப்பத்தான் பிரிச்சுப் பார்த்தோம். சரக்கு சரியில்லீங்க, திருப்பி எடுத்துக்கோங்க."

திருமலைசாமி முதலில் சிரித்தார். பிறகு மேசை முழுவதும் சிரித்தது. துணைவேந்தருக்கு மட்டும் விளங்கவில்லை. திருமலைசாமி அவர் பக்கம் திரும்பினார்.

"எங்க மில்லுலயும் பஞ்சு அப்படித்தானுங்க இறக்குவோம். அம்மணி சொல்றது ஞாயந்தான். நாலாவது தீர்மானத்தை மறுபடி எடுப்போமுங்களா?"

அரைமணி நேரம் பேச்சு நடந்தது. கம்ப்யூட்டர் வேண்டாமென்று தான் சொல்லவில்லை, மாடியில் வையுங்கள், என் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றார் கனகம். கடைசியில் துணைவேந்தர் ஒரு நிபந்தனை போட்டார். கீழ்க்கூடம் ஒரு வருடம் அப்படியே இருக்கும், சனிக்கிழமைகளில் பட்டறைகளுக்குத் திறக்கப்படும். ஆனால் அந்த வருடத்துக்குள் சோதனைக்கு ஐம்பது மோட்டாராவது வரவேண்டும். வராவிட்டால் கூடம் கம்ப்யூட்டருக்கு. கனகம் யோசிக்கவே இல்லை, ஐம்பதென்ன, நூறு வரும் என்று சொல்லிவிட்டார். இந்த முறை தாள் வந்தபோது பேராசிரியரை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்து சொன்னபோது தெருவே கொண்டாடியது. யாரோ சீனிவெடி வைத்தார்கள். ஆனால் முதல் சனிக்கிழமைக்கு மோட்டார் கொடுங்கள் என்று பட்டறை பட்டறையாகப் போனபோது ஒருவருக்கும் கை வரவில்லை. பார்க்கலாமுங்க, அடுத்த வாரமாகட்டுமுங்க என்றார்கள். யூனுஸ்தான் உள்ளதைச் சொன்னார். மோட்டார் பெயிலாகிவிட்டால் பெயர் கெட்டுப்போகும். கணபதியில் காலையில் நடந்தது சாயங்காலம் பொள்ளாச்சிச் சந்தை வரைக்கும் போய்விடும். யார் முதலில் கழுத்தை நீட்டுவது?

கனகம் தன் மோட்டாரை எடுத்துக்கொண்டார். பாலகோபால் கூட வந்தார். பேராசிரியர் அதை மேசையில் பூட்டி, முழுப் பாரத்தில் நான்கு மணி நேரம் ஓடவிட்டார். கனகம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன தயிர்சாதத்தைப் பிரிக்கவே இல்லை. கடைசியில் பேராசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இருக்கவேண்டிய அளவைவிடப் பதினோரு டிகிரி கூடுதலாகச் சூடாகிறது. பெயில்.

எதனால் என்று கனகம் கேட்டார். காயில் வேலை அருமை, விசிறிதான் சிறியது, காற்று போதவில்லை என்றார் பேராசிரியர். கனகம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று மோட்டார் காரணமே தெரியாமல் எரிந்து திரும்பி வருவதும், அவரும் மாரியாத்தாளும் சுற்றுக்களை எண்ணி எண்ணி மண்டையை உடைத்துக்கொண்டதும் மூன்று வருடக் கதை. அதற்கான விடை நான்கு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது.

திரும்பியதும் வீட்டுக்குள்கூடப் போகாமல் நடுத்தெருவில் நின்று, தன் மோட்டார் பெயில் என்று எல்லோரிடமும் சொன்னார். பாஸான மாதிரி சொல்கிறாயே என்று பாலகோபால் சேலை முந்தானையை இழுத்துப் பார்த்தார். கனகம் நிறுத்தவில்லை. நேரே எதிர்ப்பட்டறைக்குப் போனார்.

"பாய், பெயிலானது நானில்லீங்க. உங்க விசிறி."

யூனுஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பினார்.

"என்ற விசிறியக் குத்தஞ் சொல்றதுக்கு ஒரு பல்கலைக்கழகமே வேண்டியிருந்துச்சா உங்களுக்கு?" என்றார். பிறகு அளவுகோலை எடுத்தார். "எத்தனை அங்குலம் கூட்டோணுமுன்னு கேட்டீங்களா, இல்லியா?"

அந்த வாரம் முழுவதும் யூனுஸ் மூன்று அளவில் விசிறி செய்து பார்த்தார். கனகமே பெயிலென்று தெருவில் நின்று சொல்லிவிட்ட பிறகு மற்றவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. அடுத்த சனிக்கிழமை காலை ஆய்வக வராந்தாவில் பதினோரு மோட்டார்கள் வரிசையில் நின்றன. ஓரத்தில் சங்கத் தலைவரும் செயலாளரும் ஆளுக்கொரு மோட்டாரோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஆய்வக உதவியாளர் தமிழில் எழுதிய பதிவேட்டை நீட்டி, மோட்டாரை ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

கனகம் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"சீக்கிரமுங்க்கா," என்றார் பின்னால் நின்ற யூனுஸ். "என்ற விசிறி துருப்புடிச்சுப்போடும்."

கனகம் பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் படித்தார்.