பச்சைக் கற்பூரம் மணக்கும் கொலைக் கதைகள்

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் தீர்த்தம் வாங்கிக்கொண்டேன். பச்சைக் கற்பூர வாசனை ஏறியதும் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கொலை ஞாபகம் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக ஏழெட்டுக் கொலைகள். கூடவே, தலையில் எத்தனை அடி விழுந்தாலும் வாயை மட்டும் மூடாத ஒரு தனியார் துப்பறிவாளர். சிரித்துவிட்டேன். தீர்த்தம் கொடுத்தவர் ஒரு பார்வை பார்த்தார். பெருமாள் மன்னிப்பார், அவருக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வீடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா பணிமனையில் ஃபிட்டர். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ், கடை பில் புத்தகம் என்று நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவனுக்குச் சாயங்காலம் ஆனால் கொஞ்சம் குற்றம் தேவைப்பட்டது. அச்சகத்திலிருந்து இரண்டு கடை தள்ளிச் செல்வராசு அண்ணனின் வாடகை நூலகம். அவர் எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் காகிதத்தில் அட்டை போட்டு, நம்பரை மட்டும் எழுதி வைத்திருப்பார். மாத நாவல்களின் அசல் அட்டையில் துப்பாக்கியும் அரைகுறைத் துணியுமாக யாராவது நிற்பார்கள். "படத்தைப் பாத்தா ஊர்ல ஒருத்தர் எடுத்துட்டுப் போக மாட்டாங்க தம்பி" என்பார். பிரவுன் அட்டை போட்டபின் திருப்பாவை விளக்கமும் சரி, கொலையும் சரி, கையில் வைத்திருந்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அந்த மாத நாவல்களில் வரும் துப்பறிவாளரை ஏன் அப்படிப் பிடித்தது? கொலைகாரன் யார் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்ததில்லை, பாதியிலேயே தெரிந்துவிடும். அவருடைய வாய்தான். காக்கிச் சட்டை கிடையாது, சர்க்கார் சம்பளம் கிடையாது. போலீஸ் விரட்டும், பணக்காரர் வீட்டில் நிற்க வைத்தே பேசுவார்கள். வில்லன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தால், "சட்டை இன்னைக்குத்தான் சலவையிலேர்ந்து வந்தது, கொஞ்சம் தள்ளிச் சுடுங்க" என்பார். அது தைரியம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த ஆளிடம் வேறு ஆயுதமே இல்லை. எங்கள் முதலாளி புரூஃபை மேஜையில் எறிந்து, "கண்ணு தெரியுதா?" என்று கேட்பார். அதற்கு மிக அருமையான பதில் ஒன்று ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலம் தாண்டும்போது எனக்குத் தோன்றும். முதலாளி அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்திருப்பார். துப்பறிவாளர் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். எனக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம்.

அப்பா ஒரே ஒரு நாவல் படித்தார். "எல்லாம் சரிதான், இவன் எப்ப ஷிப்டுக்குப் போறான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு நாவலில் துப்பறிவாளர் காப்பி குடித்து டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார். திரும்பி வரும்போது மேஜை சுத்தமாக இருக்கிறது. எழுதியவர் கவனிக்கவில்லை, புரூஃப் பார்க்கிற நானும் கவனிக்கவில்லை. பக்க ஓரத்தில் பொடிப் பொடியாகப் பென்சிலில் எழுதியிருந்தது: "டம்ளரைக் கழுவியது யார்? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்."

பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். அலறுவதற்கென்றே வைத்திருக்கும் பெண் உதவியாளர் வரும் இடத்தில், "இவளுக்குச் சம்பளம் தொண்டைக்கா?" துப்பறிவாளரை நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கும் இடத்தில், "இவர் பாக்கியசாலி. கட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது." அந்த வரியைப் படித்து நான் சிரிக்கவில்லை. ஜங்ஷன் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் யாரென்று கண்டுபிடித்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தடயங்கள் இரண்டு. பென்சில் எழுத்து இருந்த புத்தகங்கள் எல்லாம் அறுபத்திரண்டாம் நம்பர் கார்டில் போய் வந்தவை, பின்பக்கச் சீட்டில் பதிந்திருந்தது. அந்தப் பக்கங்களை முகர்ந்தால் பச்சைக் கற்பூரம் மணத்தது. அறுபத்திரண்டு யாரென்று செல்வராசு அண்ணனைக் கேட்டேன். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் முதல் வரிசையில் நிற்கும் பெரியவர், பெயர் சௌரிராஜன். நெற்றி நிறையத் திருமண், நேரான முதுகு, சிரிப்பு என்றால் என்னவென்று கேட்கிற முகம். போதாதா? தீர்த்த வாசனைக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் சந்தேகமே வராத ஆள்தானே கடைசியில் மாட்டுவார்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நூலக வாசலில் அவரை மடக்கினேன்.

"ஸ்வாமி, உங்க பென்சில் குறிப்பெல்லாம் பிரமாதம். துப்பறியும் கதையில அந்த டம்ளர் விஷயம் இருக்கே, அதுக்குச் சிரிச்சு முடியலைங்க."

"என்ன சொல்றீர்? எந்தக் கதை?"

கையிலிருந்த பிரவுன் அட்டையைப் பிரித்தார். உள்ளே துப்பாக்கி, அரைகுறைத் துணி. பக்கங்களைப் புரட்டினார். பென்சில் எழுத்தைப் பார்த்ததும் கை நின்றது. "இது நம்மாத்து நாட்டுப்பொண் எழுத்துன்னா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. புத்தகத்தையும் கார்டையும் மேஜையில் வைத்தார். "இந்தக் கார்டு இனிமே வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் நூலகக் கார்டு வீட்டு ஆம்பளை பேரில் இருக்கும், படிப்பு அடுக்களையில் நடக்கும். எங்கள் வீட்டிலும் அப்பா பேரில்தான் கார்டு, படித்ததெல்லாம் அம்மா. இது தெரியாதவனா நான்? தெரிந்தும் நம்பரைப் பார்த்து ஆளைப் பிடித்தேன். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு.

செல்வராசு அண்ணன்தான் மிச்சத்தைச் சொன்னார். அந்த மருமகளின் பெயர் வைதேகி. கணவனுக்கு வடக்கே வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். பெரியவர் தமக்கு ஒரு பக்திப் புத்தகமும், "ஆத்துக்கு ஏதாவது" என்று இன்னொன்றும் கேட்பார். அந்த ஏதாவதில் என்ன வைக்க வேண்டும் என்று வைதேகி ஒருமுறை துண்டுச் சீட்டு வைத்து அனுப்பியிருந்தாளாம். "வாரத்துக்கு அந்த ஒரு புஸ்தகந்தான் தம்பி அதுக்கு வெளியிலேர்ந்து வர்றது. நல்லா துப்பறிஞ்சீங்க போங்க." அவளிடம் இருந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. மூன்று சனிக்கிழமை எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை.

அடி வாங்கிய வீட்டுக் கதவையே துப்பறிவாளர் மறுநாள் போய்த் தட்டுவார், கவனித்திருக்கிறீர்களா? நானும் தட்டினேன். கோஷ்டியின் உற்சவ நோட்டீஸ் அச்சுக்கு வந்திருந்தது. அதன் புரூஃபை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பேசவேண்டியதைப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று, நடுவில் ஒரு நகைச்சுவைகூட வைத்திருந்தேன். கூடத்தில் ஒரு பெண் கல்லுரலில் கோயில் தீர்த்தத்தில் கலக்கும் பரிமளப் பொடி இடித்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம். அந்த வாசனை யார் விரலிலிருந்து பக்கங்களுக்கு வந்தது என்பது, உலக்கையைப் பார்த்தபிறகுதான் இந்தத் துப்பறிவாளனுக்குத் தெரிந்தது.

"ஸ்வாமி, தப்பு என்னோடதுங்க. நான் பாட்டுக்கு உளறிட்டேன். தயவுசெஞ்சு கார்டை நிறுத்தாதீங்க."

"கொலை, கொள்ளை. ஆத்துப் பொம்மனாட்டிகள் படிக்கிற சமாசாரமாங்காணும் இது?"

ஒத்திகை பார்த்த நகைச்சுவையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உலக்கைச் சத்தம் நின்றது.

"பாவம், துப்பறிய வந்தவர் தப்பான ஆளைப் பிடிச்சுட்டார். எழுதினது நான்தான், மாமா" என்றாள் வைதேகி. குரல் உயரவே இல்லை. "உங்க பேர்ல வேண்டாம். கார்டை என் பேர்ல போட்டுக்கறேன். நானே போய் எடுத்துண்டு வரேன்."

"வீதியில நாலு பேர் என்ன சொல்லுவா?"

"அந்த நாலு பேரும் அங்கேதான் கார்டு வெச்சிருக்கா மாமா. பிரவுன் அட்டை போட்டிருக்கறதால உங்களுக்குத் தெரியலை."

உரல் பக்கம் திரும்பி மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டாள். பெரியவர் நோட்டீஸை வாங்கி, நான் விட்டிருந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வைதேகி தனியாக நூலகத்துக்கு வந்தாள். செல்வராசு அண்ணன் பதிவு நோட்டைத் திறந்து, "வீட்டுக்காரர் பேர் போட்டுக்கட்டுங்களா?" என்றார்.

"அவர் படிக்க மாட்டார். படிக்கறவா பேரைப் போடுங்கோ."

கையெழுத்துப் போட்டாள், அதே பொடி எழுத்து. "புஸ்தகத்துல மட்டும் எழுதக் கூடாதுங்க" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். தலையாட்டினாள். அவள் எடுத்துப்போன நாவல் மறுவாரம் என் கைக்கு வந்தது. முதல் பக்க ஓரத்தில்: "எழுதக் கூடாது என்று உத்தரவு. ஆகவே எழுதவில்லை."

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது. அவள் எழுதுவாள், நான் படிப்பேன், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் ஒருநாள் முதலாளி "கண்ணு தெரியுதா?" என்றபோது, "உங்க கையெழுத்தைத் தவிர எல்லாம் தெரியுதுங்க" என்று அங்கேயே சொன்னேன். வேலை போகவில்லை.

இப்போது அந்த நூலகம் இல்லை. அந்த இடத்தில் இன்னமும் உறைதான் போடுகிறார்கள், செல்போனுக்கு. மாத நாவல்கள் பழைய பேப்பர்காரரோடு போயின. செல்போனில் இன்று வருகிற துப்பறிவாளர்கள் ரொம்பத் துயரப்படுகிறார்கள், மழையில் நனைகிறார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சிரிக்கச் சொல்வதில்லை. ஓரமும் கிடையாது. இருந்தாலும் யார் எழுதுவார்கள்?

வடக்கேயிருந்து கணவன் வந்து அழைத்துப்போன வாரம் வைதேகி கடைசியாகத் திருப்பிய நாவலை நான் எடுத்தேன், இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. பச்சைக் கற்பூரம் போய்விட்டது, இப்போது வெறும் பழைய காகித வாசனைதான். கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளர் கைகுலுக்கி விடைபெறும் இடத்தில் பென்சில் மங்கலாக இருக்கிறது: "இவர் அடுத்த மாதம் வருவார். நான் வரமாட்டேன். டம்ளரை அவரவரே கழுவிக்கொள்ளவும்."

கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.