வாமன கிணியின் தீர்த்தப் பெட்டி

மங்களூர் வாமன கிணிக்கு வெளியூர்த் தண்ணீர் ஆகாது, வெளியூர்ப் போர்வை ஆகாது, வெளியூர் வைஃபையும் ஆகாது. முதல் இரண்டும் அவர் அப்பா காலத்திலிருந்தே வீட்டில் உள்ள வழக்கம். மூன்றாவதை அவராகச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு கூட்டுறவு வங்கியின் கிளைகளைத் தணிக்கை செய்வது அவர் வேலை. மாதத்தில் பாதி நாள் மலைநாட்டு ஊர்களில் லாட்ஜ் வாசம். ஒருமுறை தலைமை அலுவலகத்தில் பயிற்சி என்று எல்லோரையும் உட்கார வைத்து, லாட்ஜ் வைஃபையில் நாம் செய்வதை அடுத்த அறைக்காரன் எப்படி எட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் திரையில் செய்து காட்டினார். மற்றவர்கள் கொடுத்த கோளிபஜே போண்டாவைத் தின்றுவிட்டு மறந்துபோனார்கள். கிணியால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரமே சோப்புப் பெட்டி அளவில் ஒரு பயண ரவுட்டரை வாங்கிவிட்டார்.

அந்தப் பெட்டி லாட்ஜ் வைஃபையை வாங்கி, பூட்டிய குழாய் ஒன்றில் போட்டு நேரே மங்களூர் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்துதான் உலகத்துக்குள் விடும். நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. பெட்டிக்கு வீட்டு வைஃபையின் பெயரையே வைத்திருந்தார்: கிணி நிவாஸ். பாஸ்வேர்டும் அதுவே. ஆகவே அவருடைய போனும் லேப்டாப்பும் எந்த ஊருக்குப் போனாலும் வீடு வந்துவிட்டது என்று நினைத்துத் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

கூடவே போகும் தணிக்கையாளர் தாராநாத ஷெட்டி அதற்குத் தீர்த்தப் பெட்டி என்று பெயர் வைத்தார். ஷெட்டி எந்த வைஃபை கிடைத்தாலும் ஒட்டிக்கொள்கிறவர், எந்தக் கடையில் மீன் வறுத்தாலும் உட்கார்ந்துவிடுகிறவர்.

"லாட்ஜ்காரன் வைஃபை இதுக்குள்ள போனா சுத்தமாயிடுமா மாராயரே? கொஞ்சம் துளசியும் போட்டு வைங்களேன்."

"சிரிங்க ஷெட்ரே, சிரிங்க. ஒருநாள் உங்க பணம் பூரா போனப்புறம் எங்கிட்ட வந்து அழுவீங்க."

"எங்கிட்ட இருக்கிறதத் திருடுறவன், பாத்துட்டு அவனே அழுதுட்டுப் போவான்."

ஆனால் தீர்த்தம் ஒருநாளும் சுலபமாக வந்ததில்லை. அறை எண்ணைக் கேட்கும் லாட்ஜின் வலைப்பக்கம் முதலில் திறக்க வேண்டும். அதில் நுழைந்த பிறகுதான் பெட்டியின் பூட்டைப் போட வேண்டும். கிணி பயத்தில் எப்போதும் பூட்டை முதலில் போட்டுவிடுவார். பக்கம் வராது. கீழே மேனேஜருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார். பிறகு பூட்டைத் திறந்து, எல்லாம் சரியானதும், மேனேஜர் ஏதோ செய்து சரிபண்ணிவிட்டான் என்பார். லாட்ஜ் அறைக் கதவும் அப்படித்தான். யார் தட்டினாலும் மூன்று முறை பெயரைக் கேட்காமல் திறக்கமாட்டார். காபி ஆறிப்போய்த்தான் உள்ளே வரும்.

வீட்டில் இன்னும் மோசம். மாதப் பிறப்பன்று எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவார்.

"கேட்டீங்களா, ஒரு கேஸ் சிலிண்டர் புக் பண்ணவும் உங்களுக்கு மனு போடணுமா நான்?" என்று மனைவி சுமனா இரண்டாம் தேதி தவறாமல் கேட்பாள்.

மாறாதது ஒன்றே ஒன்றுதான். கிணி நிவாஸ் வைஃபையின் பாஸ்வேர்டு. ஷெட்டி ஒருநாள் இதைக் கவனித்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் மாசாமாசம் திதி கொடுக்கிறீங்க. இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"அது... நல்ல கெட்டியான பாஸ்வேர்டு" என்று சொல்லிவிட்டுக் கிணி ஃபைலைப் புரட்டினார்.

பொய். மகன் முகுந்த் அதே பாஸ்வேர்டோடு வீட்டை விட்டுப் போயிருந்தான். அதை மாற்றினால், அவன் என்றாவது திரும்பி வரும்போது அவன் போன் மட்டும் அந்நியன் மாதிரி வாசலில் நிற்கும். கிணிக்கு அதைத் தாங்க முடியாது.

முகுந்த் ஒரு யட்சகானக் கூத்துக் குழுவில் மைக்கும் விளக்கும் பார்க்கிறவன். விடிய விடிய ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருவான். காலையில் தோசைத் தட்டோடு உட்கார்ந்தால், எதிரே கிணி லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார். எந்த போன் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்ற பட்டியல் அதில் இருக்கும்.

"நாலரைக்கு வந்திருக்கே. ஆறு வரைக்கும் என்னமோ பாத்திருக்கே. எப்பதான் தூங்கறது?"

பாதுகாப்புக்காகத்தான் பார்த்தேன் என்பது கிணியின் வாதம். நாலைந்து நாள் பொறுத்த முகுந்த் தன் போனின் பெயரை மாற்றிவிட்டான். பட்டியலில் 'கைதி நம்பர் 1' என்று வந்தது. கிணிக்குக் கோபம் தலைக்கேற, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார். "இது வீடா பப்பா, செக்போஸ்டா?" என்று கேட்டுவிட்டு அவன் உடுப்பியில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவோடு தினமும் பேசுவான். அப்பா எடுத்தால் போன் கட்டாகிவிடும். அன்றிலிருந்து கிணி அந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை. வீட்டில் தேங்காய் உடைக்கும்போது மனசுக்குள் ஒரு சத்தியமே செய்திருந்தார்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அந்த மாசி மாதம் தீர்த்தஹள்ளி கிளையில் தணிக்கை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அறிக்கையை அனுப்பிவிட வேண்டும் என்று கிணி லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருந்தார். அறிக்கை நத்தை மாதிரி ஊர்ந்தது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ஏக இரைச்சல்.

"யாரோ உங்க தீர்த்தத்தக் குடம் குடமா மொண்டு குடிக்கிறான். பட்டியலத் திறந்து பாருங்க" என்றார் ஷெட்டி.

"நான் அதெல்லாம் பாக்கிறதில்ல."

"நீங்க பாக்கவேண்டாம். நான் பாக்கிறேன்." ஷெட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இது உங்க போன். இது லேப்டாப்பு. இது யாரு? அட, கைதி நம்பர் ஒன்னாமே! மாராயரே, ஜெயில்லேருந்து தப்பிச்சவன் எவனோ உள்ள பூந்துட்டான். தடுத்துரட்டுமா? ஒரு தட்டு தட்டினாப் போதும்."

கிணி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஷெட்டி நிமிர்ந்து பார்த்து, விஷயம் புரிந்து, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முகுந்தைச் சின்ன வயதிலிருந்து அவருக்கும் தெரியும்.

குழு பக்கத்து ஊரில் ஆட்டம் முடித்துவிட்டுக் கீழே சாப்பிட வந்திருக்க வேண்டும். கிணி நிவாஸைப் பார்த்ததும் அவன் போன் வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்து ஒட்டிக்கொண்டு, நேற்றைய ஆட்டத்து வீடியோக்களை எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கே அது தெரிந்திருக்காது. அப்பா வீட்டு வைஃபையை அவன் போன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறது.

"கீழதானே இருக்கான்? எழுந்து போங்க" என்றார் ஷெட்டி.

"எப்படிப் போறது ஷெட்ரே? இங்க இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான். லிஸ்டுல பாத்தேன்னு சொல்லவா? எதுக்காகப் போனானோ அதையே மறுபடி செஞ்ச மாதிரி ஆயிடும்."

"அப்போ சாப்பிட்டுட்டு அவன் பாட்டுக்கு வேன் ஏறிப் போயிடுவான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று கிணியால் சொல்ல முடியவில்லை. அறைக்குள் இரண்டு முறை நடந்தார். பிறகு உட்கார்ந்து பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கிணி நிவாஸ் என்ற பெயரை அழித்தார். அந்த இடத்தில், ஆங்கில எழுத்தில், கொங்கணியில் தட்டினார்: ஜேவண் ஜால்லெவே?

சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். கிணி வீட்டில் கோபம் தணிந்ததற்கும், காய்ச்சல் விசாரிப்பதற்கும், மன்னிப்புக் கேட்பதற்கும் இந்த ஒரு கேள்விதான் உண்டு.

பெயர் மாறியதும் எல்லா இணைப்பும் அறுந்தது. அறிக்கை பாதியில் நின்றது. கிணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் போனில் சுற்றியிருக்கும் வைஃபைகளின் வரிசையையே வெறித்துக்கொண்டிருந்தார். லாட்ஜின் பெயர், எதிர் மருந்துக்கடையின் பெயர், நடுவில் அவருடைய கேள்வி.

"அவன் போனையே பாக்கலேன்னா?" என்றார் சின்னக் குரலில்.

"சோத்துக்குக் காத்திருக்கிற பையன் போனைப் பாக்காம வேற எதைப் பாப்பான்? நெட்டு அறுந்தா வைஃபை லிஸ்டத்தான் திறப்பான். சும்மா இருங்க."

"கோவம் வந்து மொத்தமா அழிச்சுட்டான்னா?"

மின்விசிறி கடகடத்தது. கீழே யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். வரிசை ஒருமுறை மினுங்கி மறுபடி நின்றபோது, அதில் புதிதாக ஒரு பெயர் முளைத்திருந்தது. யாரோ தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, அதற்குக் கொங்கணியில் பெயர் வைத்திருந்தார்கள்: இன்னும் இல்லை. எந்த ரூம்?

கிணி அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மளமளவென்று பெட்டியின் பெயரை மாற்றினார்: ரூம் 12, மாடி.

"மாராயரே! ஊருக்கே தெரியும்படி ரூம் நம்பரைப் போடறீங்களே! மருந்துக்கடைக்காரன் வந்து கதவத் தட்டப்போறான்" என்று ஷெட்டி அலறினார்.

"வந்தா வரட்டும். அவனுக்கும் சோறு போடலாம்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு ஒரு முறைதான் தட்டப்பட்டது. கிணி யாரென்று கேட்கவில்லை. தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டார்.

கண்ணெல்லாம் தூக்கக் கலக்கமும் தோளில் சுருட்டிய வயருமாக முகுந்த் நின்றான். அப்பாவை மேலும் கீழும் பார்த்தான்.

"என் போன் தானா ஒட்டிக்கிச்சே. ரெண்டு வருஷமா அதே பாஸ்வேர்டா பப்பா? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"மாத்தினா உன் போன் வெளியிலேயே நிக்குமேடா" என்றார் கிணி.

முகுந்த் தரையைப் பார்த்தான். வயரை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "கீழ ரசம் நல்லா இருக்காம். வாங்க, ஆறிடும்" என்றான்.

அப்பாவும் மகனும் படியிறங்கினார்கள். லேப்டாப் வங்கிக் கணக்குகளோடு ஆவென்று திறந்து கிடந்தது. ஷெட்டி இரண்டு படி இறங்கிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். லேப்டாப்பை மூடினார். பெட்டிக்கு மறுபடி கிணி நிவாஸ் என்று பெயர் வைத்தார். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.